வயோலா, வெளி இருக்கை

பழுப்புக் கவர் இந்த முறை மல்லேஸ்வரத்துக்கு, என் வீட்டுக்கு வந்துவிட்டது.

பிரித்ததும் பழைய காகித வாசனை. பென்சில் கரி. புதிய சீசனின் முதல் கச்சேரிக்கான வயோலா இசைத் தாள்கள். நம் ஆர்க்கெஸ்ட்ராவின் தாள்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மணி மேல் மூலையில் தன் குட்டி எழுத்தில் எழுதியிருக்கிறார்: முதல் ஸ்டாண்ட், வெளி இருக்கை. கீழே என் பெயர்.

இரண்டு நாளாகக் கவர் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. நான் அதைச் சுற்றி நடக்கிறேன்.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப் போகிறேன். எழுதினால்தான் எனக்கு அது உண்மை போலத் தெரிகிறது. தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு தாளக் கட்டமும் ஒரு பார். தாளை வைக்க இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். கேட்பவர்கள் பக்கம் உட்காருபவர் வெளி. அவருக்கு அடுத்தவர் உள். பக்கம் தீரும்போது வெளி இருக்கை நிறுத்தாமல் வாசிக்கும். உள் இருக்கை வில்லை இறக்கி, தாளைத் திருப்பி, மறுபடி சேர்ந்துகொள்ளும். தாள்கள் வெளி இருக்கைக்காரரின் வீட்டுக்குப் போகும். உள்ளே இருப்பவருக்கு ஜெராக்ஸ். ஆறு வருடம் தாள்கள் உன் லிங்கராஜபுரத்துக்குப் போயின. ஜெராக்ஸ் இங்கே வந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இன்று புதன்.

சீசன் பட்டியலும் கவரில் இருந்தது. ஆகஸ்ட்டில் அந்த சிம்ஃபனி. போன சீசனின் கடைசியில் மழை பெய்து, ஹால் கூரை ஒழுகி, நாம் வாசிக்காமல் போனது. அக்டோபரில் ஒரு பியானோ கான்செர்ட்டோ, பியானோவுக்கே பெரும்பங்கு. டிசம்பரில் பாடகர் குழுவோடு. பிப்ரவரியில் ஒரு நீளமான சிம்ஃபனி, ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

ஒவ்வொரு வருடமும் ஒத்திகை ஹாலுக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் நின்று இந்தப் பட்டியலை நீ உரக்கப் படிப்பாய். ஒரு கையில் காரா பன். பை டூ காபியில் உன் பாதி எப்போதும் கொஞ்சம் கூட.

“அக்டோபர், கான்செர்ட்டோ. நமக்கு நாப்பது பார் சும்மா உக்காரணும். நடுவுல போய் பிரியாணி சாப்ட்டு வந்துரலாம். டிசம்பர், கோரஸ். நமக்கு உம்-பா, உம்-பா. மாடு கூட வாசிக்கும்.”

“அப்ப எதுக்குடி வர்ற?”

“பிப்ரவரிக்கு. அதுல நாலு பார் இருக்கு பாரு, நம்மளைத் தவிர ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க. அந்த நாலு பாருக்காக வருஷம் பூரா சில்க் போர்டு டிராஃபிக்குல நிப்பேன்.”

நின்றாய். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் உனக்கு இரும்புப் பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. ஞாயிறிலும் பாதி ஷிஃப்ட். முடிந்ததும் அங்கிருந்தே ஒத்திகைக்கு பஸ். முதுகில் வயோலா பெட்டி. ஒருநாள் கண்டக்டர் கேட்டாராம், என்னம்மா இது, கிட்டாரா என்று. நீ கன்னடத்தில் சொன்னதை எனக்குத் தமிழில் நடித்துக் காட்டினாய்: “இல்லண்ணா, ஃபிடிலோட அக்கா. கல்யாணம் ஆகல. அதான் கூடவே கூட்டிட்டு சுத்தறேன்.” அவர் சிரிக்கவில்லையாம். அக்காவுக்கும் டிக்கெட் எடு என்றாராம்.

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. எழுந்து மறுபடி மேசையைச் சுற்றி வருகிறேன்.

*

உன்னிடம் நான் சொல்லாதது ஒன்று. நீ தெரிந்துகொண்டுவிட்டாய், ஆனால் நான் சொல்லவில்லை.

நான் தரையில் சப்பணமிட்டு வயலின் கற்றவள். எனக்கு எல்லாம் காதுதான். தாளில் இருக்கும் புள்ளிகளை மெதுவாகப் போனால் படிப்பேன். வேகமானால் அவை எறும்பாகிவிடும். ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்த முதல் மாதமே ஒரு வழி கண்டுபிடித்தேன். உன்னைக் கேட்டு, உனக்கு ஒரு மயிரிழை பின்னால் வாசிப்பது. இரண்டு ஒத்திகை கேட்டால் எனக்குப் பாதி மனப்பாடமாகிவிடும். மீதிப் பாதிக்கு நீ இருந்தாய். நான் தாளைப் பார்ப்பது போல உட்கார்ந்திருப்பேன். நான் பார்த்தது உன் வலது முழங்கையை.

காதும் எட்டாத ஓட்டமான இடங்கள் வரும். அவற்றுக்குப் பக்கம் திருப்பும் வேலை இருந்தது. முன்கூட்டியே வில்லை இறக்கிவிடுவேன். திருப்பிய பிறகு மெதுவாகச் சேர்வேன். யாரும் எதுவும் கேட்க முடியாது. திருப்புவது என் கடமை.

கடைசி ஒத்திகையின் இடைவேளையில் நீ கேட்டாய்.

“ஏ மல்லேஸ்வரம். மூணாவது பக்கம் முடியற எடம். திருப்ப எத்தனை பார் வேணும்?”

“ரெண்டு. மிஞ்சினா மூணு.”

“பதினொண்ணு எடுத்துக்கற. நாலு வாரமா எண்ணிட்டு இருக்கேன்.”

நான் வில்லின் திருகைத் தளர்த்தினேன். மறுபடி இறுக்கினேன்.

“இங்கயும் வந்து அளக்கறியா? இது உன் ஃபாக்டரி இல்ல.”

“ஃபாக்டரியா இருந்தா எப்பவோ ரிஜெக்ட் பண்ணிருப்பேன். உன் பதினொண்ணையும் நான்தானே சேத்து இழுத்துட்டு இருக்கேன். தோள் போவுதுடி.”

“அப்ப நீயே உள்ள உக்காந்து திருப்பு.”

“சரி. நீ வெளிய வா. இப்பவே வா.”

நீ எழுந்தே விட்டாய். உன் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாய். பின்னால் உட்காரும் பல் டாக்டர் வில்லுக்கு ரோசின் பிசின் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார். நான் எழவில்லை. என் வாட்டர் பாட்டிலைத் தேடுவது போலக் குனிந்தேன்.

“நெனச்சேன்,” என்றாய். உட்கார்ந்துவிட்டாய்.

இடைவேளைக்குப் பிறகு அந்தப் பதினொன்றையும் தனியாக வாசித்தாய். எப்போதையும்விட உரக்க. அது கோபமா, என்னை மூடி வைக்கும் பழக்கமா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கச்சேரி ரத்தாகி நான்கு நாள் கழித்து ஒரு செய்தி அனுப்பினாய். “ஹால் ஒழுகறது மொதல்ல யாருக்குத் தெரிஞ்சுது? வயோலாவுக்கு. ஏன்னா அவங்கதான் மேல பாத்துட்டு சும்மா உக்காந்திருந்தாங்க.”

உன் கோபம் போய்விட்டது என்று அர்த்தம். என்னுடையது போகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தது யார் என்று சொல்கிறாள் பார் என்று நினைத்தேன். படித்தேன். பதில் போடவில்லை.

பிறகு காய்ச்சல். டெங்கு என்றார்கள். இந்த ஊரில் மழைக்காலத்தில் யாருக்குத்தான் வரவில்லை. அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த ஞாயிறு உன் தெருவில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

*

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தேன். மாதா கோயில் வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீதானேம்மா அவ பக்கத்துல உக்கார்ற பொண்ணு?”

“ஆமா ஆன்ட்டி.”

“பாதி சத்தம் உன்னுதுன்னு சொல்வா. வீட்ல ப்ராக்டீஸ் பண்றப்ப, இது பாதிதாம்மா, மீதி மல்லேஸ்வரத்துல இருக்குன்னுவா. உனக்கு வாய் ஜாஸ்தின்னும் சொல்வா, தப்பா எடுத்துக்காத.”

தலையாட்டினேன். உன் அக்கா ஒரு தட்டில் கேக் கொண்டுவந்தாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

நான் வாசிக்காததை நீ வீட்டில் கூடச் சொல்லவில்லை. இதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. சொல்லியிருந்தால், எங்காவது ஒருவருக்குத் தெரிந்திருந்தால், நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

நீ இல்லாமல் ஒரே ஒரு முறை கூடினோம், தாள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக. சும்மா ஒரு துண்டு வாசித்துப் பார்க்கலாம் என்றார் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர். நடுவில் நிறுத்திக் கேட்டார், வயோலா ஏன் இவ்வளவு மெலிசாக இருக்கிறது என்று. கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. மன்னிப்புக் கேட்டார். ஹாலில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு ஆள் குறைந்தால் குறையும் அளவு அது இல்லை. எனக்குத் தெரியும், குறைந்தது இரண்டு ஆள்.

*

வியாழன். கவரைத் திறந்து மூன்றாம் பக்கத்தை ஸ்டாண்டில் வைத்தேன்.

நீ தெளிவான பென்சில்காரி. வில் ஏறும் இடம், இறங்கும் இடம், எல்லாம் ஸ்கேல் வைத்ததுபோல. பக்கத்தின் அடிக்கு வந்தபோது மட்டும் வேறு மாதிரி இருந்தது. விரல் எண்கள். இரண்டு என்று எழுதி, அழித்து, மூன்று. மூன்றை அழித்து, மறுபடி இரண்டு. அழித்து அழித்துக் காகிதம் மெலிந்து, பின்பக்கத்துப் புள்ளிகள் தெரிந்தன. அந்தப் பதினொரு பார் உனக்கும் வரவில்லை. கொஞ்ச நாளாவது வரவில்லை. என் ஜெராக்ஸில் அது வெறும் சாம்பல் கறையாக இருந்தது. நான் அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

ஒரு பாரை எடுத்தேன். ஒவ்வொரு புள்ளியாக. எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல. காலையில் ஒரு மணி நேரம், ஆபீசிலிருந்து வந்து ஒரு மணி நேரம். காதுக்கு அது நன்றாகத் தெரியும், நீ வாசித்து வாசித்து அங்கே இருக்கிறது. கைக்குத் தெரியாது. காது முன்னால் ஓடும். கை தெருவைக் கடக்கத் தெரியாமல் நிற்கும்.

அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். “அதையே எத்தனை தரம்டி தேய்ப்பே? பக்கத்தாத்து நாய் கூடப் பாடம் பண்ணிடுத்து.”

“அதுக்காவது வந்துதே.”

வெள்ளி மதியம் வயோலாக்களுக்கு ஆள் சேர்க்கும் சார் போன் செய்தார்.

“என்னம்மா, ஒரு வார்த்தை சொல்லலியே? வெளி சீட் கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க. கடைசி ஸ்டாண்ட்ல உள் சீட் இருக்கு. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. அவங்க ஞாபகம் வரும், புரியுது.”

எவ்வளவு நல்ல கதவு. துக்கம் என்று எழுதியிருக்கிறது அதன் மேல். உள்ளே போய், கடைசி ஸ்டாண்டில் உட்கார்ந்து, இன்னொருவரின் முழங்கையைப் பார்த்துக்கொண்டு நாலு கச்சேரியையும் ஓட்டிவிடலாம். எல்லோரும் என்னிடம் அன்பாக இருப்பார்கள்.

“சாயங்காலம் சொல்றேன் சார்,” என்றேன்.

வைத்துவிட்டு ஆபீஸ் படிக்கட்டில் இரண்டு மாடி இறங்கினேன். மறுபடி ஏறினேன். உன் கடைசிச் செய்தியைத் திறந்தேன். அதற்கு இப்போது பதில் போட முடியாது. உன் நம்பர் உன் அக்காவின் கையில் இருக்கிறது. ஆள் சேர்க்கும் சாருக்குப் போட்டேன். “வெளி சீட் சரி சார்.”

*

ஞாயிறு மாலை. ஒத்திகையிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

உள் இருக்கையில் பல் டாக்டர். நல்ல மனிதர். உட்கார்வதற்கு முன் உன் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “போகலாமா?” என்றார். முதல் பக்கம் போனது. இரண்டாம் பக்கமும். என் காது பழக்கத்தில் இடப்பக்கம் தேடியது. அங்கே யாரும் இல்லை, இருட்டாக்கப்பட்ட காலி நாற்காலி வரிசைகள்தான். வலப்பக்கம் டாக்டர் எனக்கு ஒரு மயிரிழை பின்னால் வாசித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பக்கத்தின் அடி. அவர் வில்லை இறக்கினார். தாளின் ஓரத்தைப் பிடித்தார். என் கையும் பாதி எழுந்துவிட்டது திருப்புவதற்கு. இறக்கினேன். வாசித்தேன்.

எட்டு பார் வரை வந்தேன் என்று நினைக்கிறேன். ஒன்பதாவதில் எஃப் ஷார்ப் இருக்க வேண்டிய இடத்தில் அரை ஸ்வரம் கீழே, வெறும் எஃப். தனியாக, உரக்க, எல்லா வயலின்களுக்கும் கேட்கும்படி. நடத்துநர் நிறுத்தினார். “வயோலா?” என்றார்.

டாக்டர் சட்டென்று குனிந்து என் காதருகே, “சாரிம்மா, நான் லேட்டா திருப்பிட்டேன். நான் சொல்லிடறேன்,” என்றார். சொல்லவும் கையைத் தூக்கிவிட்டார்.

உண்மையில் அவர் சரியாக, இரண்டே பாரில் திருப்பியிருந்தார்.

“இல்ல டாக்டர். திருப்பினது கரெக்ட்.” நடத்துநரைப் பார்த்தேன். “நான்தான் சார் தப்பா வாசிச்சேன். எனக்கு அந்த எடம் இன்னும் வரல. எப்பவுமே வந்ததில்ல.”

கடைசி வார்த்தைகளை யாரும் கவனித்தார்களா தெரியாது. பின்னால் யாரோ இருமினார்கள். நடத்துநர் தன் தாளில் இரண்டு பக்கம் பின்னால் போனார். “அதே இடம். கொஞ்சம் மெதுவாக,” என்றார். எண்பது பேரும் வாத்தியத்தை எடுத்தார்கள், எனக்காக.

மறுபடியும் தப்பாக வாசித்தேன், வேறு பாரில். மூன்றாம் முறை நடத்துநர் அந்த இடத்தை விட்டுவிட்டு மேலே போய்விட்டார்.

உன் அம்மாவிடம் இன்னும் போகவில்லை. போய் என்ன சொல்வது, பாதி சத்தம் என்னுடையது இல்லை என்றா? சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கு இல்லை. இடது கையின் மூன்றாம் விரல் இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது, ஹாலில் தொடங்கியது. மெட்ரோவில் கம்பியைப் பிடித்தால் நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு மதியம் மூன்று மணி ஒத்திகைக்கு அதையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.