இரண்டு மணிக்கு 96

17.6.2025, செவ்வாய், மாலை 4.40
திக்லிபூர் தீவு ஆஸ்பத்திரி. ஆண்கள் வார்டு: கட்டில் 24, நோயாளி 26, நர்ஸ் 1. அந்த ஒன்று நான்.

மழை. யூனிஃபார்ம் மூன்று நாளாகக் காயவில்லை. பூஞ்சை வாடை.

2 மணிக்கு அளந்து எழுத வேண்டிய நாடி, ஆக்சிஜன் சார்ட்டை 12.30-க்கே அளக்காமல் எழுதி முடித்தேன், 26 பேருக்கும். இங்கே எல்லோரும் செய்வதுதான். இல்லாவிட்டால் ஊசி, டிரிப், ஸ்டாக் ரிஜிஸ்டர் எதுவும் நகராது. 9-ம் கட்டில் சூசை அண்ணன் (படகு இன்ஜின் மெக்கானிக், நிமோனியா) பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"என் கையத் தொடாமலே நாடி எழுதுதியே தம்பி. மந்திரம் படிச்சிருக்கியோ?"

சிரித்தேன். 26 பேரில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள். என் இந்தி ஊசி போடுகிற அளவுக்குத்தான்.

2.15 டாக்டர் ரவுண்ட்ஸ். நாளை போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஹெலிகாப்டரில் நோயாளிக்கு ஒரே சீட். அண்ணன் சார்ட்: ஞாயிறு ஆக்சிஜன் 95, திங்கள் 94, இன்று காலை 92, இரண்டு மணிக்கு 96. "டீக் ஹோ ரஹா ஹை" என்றார் டாக்டர். தேறி வருகிறாராம். சீட் 17-ம் கட்டிலுக்கு.

3.30-க்கு ஆக்சிஜன் மீட்டரை நிஜமாகவே அண்ணன் விரலில் மாட்டிப் பார்த்தேன். 87. ஆக்சிஜன் வைத்தேன், டாக்டரைக் கூப்பிட்டேன். இரண்டு மணிக்கு நன்றாகத்தானே இருந்தார் என்று கேட்டார்.

"ஜீ சார்" என்றேன்.

18, புதன், மாலை
மழை. ஹெலிகாப்டர் வரவில்லை. 17-ம் கட்டில்காரரை ஆம்புலன்ஸில் ரோடு வழியே அனுப்பினார்கள். சீட்டுக்கு நாளை புது லிஸ்ட்.

அண்ணன்: ஆக்சிஜனோடு 93, எடுத்தால் 86. டாக்டர் கணக்கு, சளி அடைத்துத் திடீரென்று இறங்கியது, ஏறிவிட்டது, இங்கேயே பார்க்கலாம். தப்பு. என் 96-ஐ எடுத்துவிட்டால் மூன்று நாளாக இறங்குமுகம்தான்.

இன்-சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். மலையாளி, இருபது வருஷ சர்வீஸ்.

"மோனே, எல்லாரும் எழுதறதுதானே? நீ மட்டும் ஹரிச்சந்திரனா? மெமோ வரும், பாத்துக்கோ."

நான் கான்ட்ராக்ட். மெமோ என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

குவார்ட்டர்ஸ். சோறு, முட்டை. அம்மா போன். "நல்லாருக்கேன்மா" என்பதற்குள் லைன் போய்விட்டது.

ஒன்று எழுதியே ஆக வேண்டும். நேற்று அவருக்குச் சீட் இல்லை என்றதும், பேச்சுத்துணை போகவில்லை என்று ஒரு நொடி நிம்மதியாக இருந்தது.

19, வியாழன், காலை 6.50
மழை விட்டது. ஹெலிகாப்டர் வருகிறதாம். லிஸ்ட் 8 மணிக்கு.

அண்ணன் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறார். நக்கல் மட்டும் குறையவில்லை.

"நான் போயிட்டா... நீ யாருகிட்ட... பேசுவ? சொவருகிட்டயா?"

செய்ய வேண்டியது:

1. அவர் கையைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணுவது.
2. 17-ந்தேதி 96-ஐ ஒரே கோடாக அடித்து, "அளக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்து. மற்ற 25 பேர் சார்ட்டிலும்.
3. 8-க்கு முன் டாக்டரிடம். இந்தி தடுமாறினாலும் சரி. சிஸ்டர் பெயர் வேண்டாம்.
4. சீட் கிடைத்தால் ஹெலிபேட் வரை ஸ்ட்ரெச்சர் கூடவே. சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா, முதலில் பார்.
5. மெமோ வந்தால் பதில். பொய் இல்லாமல்.
6. 2 மணி சார்ட், 2 மணிக்கு. 9-ம் கட்டிலில் யார் இருந்தாலும்.