வடக்குப் பக்கத்துக் காட்டுப்பூண்டு

அன்பு மகள் லோர்னாவுக்கு, எனக்கு எழுத்து வராததால் நான் சொல்லச் சொல்ல உன் அத்தை மகள் ஜூனி எழுதுகிறாள். நானும் என் முழங்காலும் கோழிகளும் ஒருமாதிரி நலம். அந்த அரிசோனா வெயிலில் நீயும் பிள்ளைகளும் வாடாமல் இருக்க ஆண்டவர் நிழல் தரட்டும்.

வெள்ளம் இரும்புப் பாலத்தை இழுத்துக்கொண்டு போய், இரண்டாம் நம்பர் சுரங்கத்தையும் மூடிய வருஷம் உனக்கு முன்பல் இரண்டும் விழுந்து பொக்கை வாயோடு திரிந்தாய். அந்த வருஷந்தான் நான், உன் அம்மா, வெர்லின் மாமா, ஓர்ஃபா அத்தை நாலு பேருமாக மலையிலிருந்து காட்டுப்பூண்டு விதை பொறுக்கி வந்து வீட்டுக்கு வடக்கே மேப்பிள் நிழலில் தூவினோம். அடுத்த வசந்தத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. “ஏன் டென்சில், கூழாங்கல்லை விதைச்சிட்டியா?” என்று ஓர்ஃபா வேலியில் சாய்ந்து நின்று ஊருக்கே கேட்கும்படி கேட்டாள். பீன்ஸ் போடலாம் என்று வெர்லின் மண்வெட்டியோடு வந்துவிட்டான், உன் அம்மாதான் விடவில்லை. மலையில் தோண்டித் தின்றோமே தவிர விதைத்தவர் யார், அந்த விதை இரண்டு குளிர்காலம் தூங்கும் என்று யாருக்குத் தெரியும். அதற்கடுத்த வசந்தத்தில் பச்சை ஊசிகளாக எட்டிப் பார்த்தது, ஏழு வருஷம் கழித்துத்தான் சட்டிக்கு வந்தது, இப்போது வேலிவரை நிறைந்து கிடக்கிறது.

போன மாதம் ஓர்ஃபாவுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டும் ஒன்பது நாளாக ஸ்பூனைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வாள், பேச்சும் இல்லை. இப்படியே போனால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூனி அழுதாள், இல்லவே இல்லை என்கிறாள் இப்போது. நான் பூண்டுச் செடிக்கு ஓர் இலையாகக் கிள்ளிக்கொண்டு போய் அவர்கள் அடுப்பிலேயே பன்றிக்கொழுப்பில் உருளைக்கிழங்கோடு வதக்கினேன். வாசனை உள்ளே போனதுதான் தாமதம், “யோவ் டென்சில், கிழங்கு தீயுது, கிண்டுய்யா!” என்று கட்டிலிலிருந்து குரல். ஜூனி தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டாள் ஓர்ஃபா! நர்ஸ் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலெல்லாம் திறந்ததற்கு, “நீயும் ஒரு வாய் தின்னுடீ, அப்புறம் நாத்தமே தெரியாது” என்று அவளுக்கும் ஊட்டிவிட்டாள்.

நீயும் பிள்ளைகளும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். மரங்கள் தழைத்துவிட்டால் பூண்டு இலை மஞ்சளாகிப் படுத்துவிடும், அதற்குள் வந்துவிடு, சாக்குச் சொல்லாதே. வந்தால் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. அன்று அந்த மண்ணில் முட்டி போட்டவர்களில் என்னை விட்டால் உயிரோடு இருப்பவள் ஓர்ஃபா ஒருத்திதான்.

உன் அப்பா,
டென்சில்