வெண்ணிலாவின் முத்து முத்தான கையெழுத்து

வில்லியனூர்
7.7.2025

அடி ரோஸ்லின்,

நலம். நலமாக இல்லாவிட்டாலும் நலம் என்றே தொடங்க வேண்டும் என்றுதான் ஏழாம் வகுப்புக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். ஆகவே முட்டி வலியும் ரத்தக்கொதிப்பும் அடுத்த பாடத்தில்.

ஆசிரியர் பயிற்சி விடுதியில் ஒரே சீப்பில் தலை வாரிய நாம் இருபத்தெட்டு வருடம் கழித்து ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் போட்டுக்கொள்வோம் என்று யார் நினைத்தது? எல்லாம் உன் யோசனை. உன் ஏழாம் வகுப்பும் என் ஏழாம் வகுப்பும் கடிதத் தோழர்கள். அதோடு விட்டாயா? "பிள்ளைங்கள எழுதச் சொல்லிட்டு நாம வாட்ஸ்அப்புல கட்டைவிரல் காட்டுனா நல்லாவாடி இருக்கும்?" என்று என்னையும் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். தபால் ஆபீசில் இருக்கும் அம்மா கடிதக் கட்டை வாங்கிக்கொண்டு, "இன்னாம்மா, கோர்ட்டு நோட்டீசா?" என்று கேட்கிறார்.

இத்துடன் பத்தொன்பது கடிதங்கள். படி. பொறாமைப்படாதே. முக்கியமாக வெண்ணிலா எழுதியதைப் பார். முத்து முத்தான கையெழுத்து. 'கரும்புத் தோட்டத்தின் நடுவே காற்று நடந்து போகும் ஓசையை நாள்தோறும் கேட்கிறேன்' என்று எழுதியிருக்கிறாள். பன்னிரண்டு வயதில் நான் 'பசு ஒரு வீட்டு விலங்கு' என்பதைத் தாண்டியதில்லை.

எங்கள் தலைமையாசிரியர் உலகநாதன் சார் பத்தொன்பதையும் போட்டோ எடுத்து ஆசிரியர் குழுவில் போட்டுவிட்டார். அடுத்து பேனராம். அதில் பிள்ளைகளின் கடிதம் எவ்வளவு சின்னது, அவர் படம் எவ்வளவு பெரிது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

அடங்காத வாயாடி,
விஜயகுமாரி


பாகூர்
19.7.2025

அன்பு விஜிக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். உன் கட்டு வந்தது. பிரித்ததும் என் பிள்ளைகள் கடிதங்களை மோந்து பார்த்தார்கள். "கரும்பு வாசனை வருது மிஸ்" என்றான் ஒருத்தன். வரவில்லை. ஆனாலும் ஆமாம் என்றேன்.

எங்கள் பதில்கள் இத்துடன். சிரிக்காதே. கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும். நான் திருத்தவில்லை. பாதிப்பேர் பனித்திட்டு மீனவர் குப்பத்திலிருந்து வரும் பிள்ளைகள். ஜூனில் எட்டுப் பேருக்கு எழுத்துக்கூட்டவே வரவில்லை. மணலில் ஏற்றி வைத்திருக்கும் படகுகளின் பெயர்களை வாசிக்க வைத்துத் தொடங்கினேன். சொந்தப் படகின் பெயரை முதல்முறை வாசிக்கும் பிள்ளையின் முகத்தை நீ பார்க்க வேண்டும். இப்போது தினமும் மூன்று வரி எழுதுகிறார்கள், வழியில் கண்டதை. சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

வெண்ணிலாவின் தோழி அருள்மொழி. அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். எல்லோரும் தங்கள் கடிதத்தை வகுப்பில் வாய்விட்டுப் படித்தார்கள். அவள் மட்டும் மடித்து என் கையில் கொடுத்தாள். 'எனக்கு இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வருது. உனக்கு எப்படிப் படிக்க வந்தது? எனக்கும் சொல்லு. உன் கையை வரைந்து அனுப்பு' என்று கேட்டிருக்கிறாள். கீழே தன் கையை வைத்து வரைந்திருக்கிறாள்.

யாரிடமும் கேட்காததை உன் பிள்ளையிடம் கேட்கிறாள், விஜி. வெண்ணிலாவையே பதில் எழுதச் சொல்.

அன்புடன்,
ரோஸ்லின்


வில்லியனூர்
4.8.2025

அடி ரோஸ்லின்,

பதில் கட்டு இத்துடன். தாமதத்துக்கு மன்னி. ஆடி மாதம் பிறந்தால் எங்கள் பள்ளியில் பாதி வகுப்பு கூழ் ஊற்றுகிற இடத்தில் இருக்கிறது. அவர்களைக் கூப்பிடப் போன ஆசிரியர்களும் அங்கேயே கூழ் குடிக்கிறார்கள்.

வெண்ணிலா உன் அருள்மொழிக்கு அருமையாகப் பதில் சொல்லியிருக்கிறாள். 'சோம்பலை விரட்டு, தோழி. நாளும் பத்துப் பக்கம் படி. நான் அப்படித்தான் கற்றேன்.' எப்படி? கையும் வரைந்திருக்கிறாள். உலகநாதன் சார் இதைப் படித்துவிட்டு, "விஜயகுமாரி மிஸ், நீங்க நல்லாசிரியர் விருதுக்கு எழுதிப் போடுங்க" என்கிறார். வெட்கப்பட்டு மறுத்தேன். இரண்டாம் முறை கேட்டால் மறுக்க மாட்டேன்.

விஜயகுமாரி


பாகூர்
23.8.2025

விஜி,

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான்கு நாளாக எப்படிக் கேட்பது என்று யோசிக்கிறேன்.

வெண்ணிலா அனுப்பிய கையின் மேல் அருள்மொழி தன் கையை வைத்துப் பார்த்தாள். அருள்மொழியின் கை முக்கால்தான் இருந்தது. "எவ்ளோ பெரிய கை மிஸ் அதுக்கு! அதான் நல்லா எழுதுது" என்றாள்.

நானும் பார்த்தேன். இடது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. விடுதியில் நான் சாத்திய கதவில் நசுங்கிய விரல், விஜி. இருபத்தெட்டு வருடமாக அந்த விரலுக்காக வருத்தப்படுகிறவள் நான். எனக்குத் தெரியாதா?

கை போகட்டும். அருள்மொழி எழுதுவதை நிறுத்திவிட்டாள். மூன்று வரி எழுதும் நேரத்தில் பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கிறாள். ஒரு பென்சில் விரல்நுனி அளவுக்கு வந்துவிட்டது. கேட்டால், "நான் சோம்பேறி மிஸ். எனக்கு வராது" என்கிறாள். அந்த வார்த்தை அவளுக்கு உன் பள்ளியிலிருந்து வந்தது.

நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்லட்டும்?

ரோஸ்லின்


வில்லியனூர்
28.8.2025

அடி துப்பறியும் புலியே,

ஒரு கையை வைத்து ஊரைப் பிடித்துவிட்டாயே! வெண்ணிலா குடும்பமே பெரிய கைதான். அவள் அப்பா கை ஓங்கினால் நெட்டப்பாக்கம் வரை காற்றடிக்கும். சுண்டுவிரல் வளைவு இந்த மண்ணின் தண்ணீரில் இருக்கிறதோ என்னவோ. பென்சில் சீவுகிற பிள்ளை நாளைக்குத் தச்சுவேலைக்கு ஆகும், விடு.

விஜி


பாகூர்
2.9.2025

விஜி,

உன் ஜோக்குக்குச் சிரித்தேன். எப்போதும் சிரித்துவிடுகிறேன், அதுதான் என் பலவீனம்.

பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதற்குப் பதில் வரவில்லை.

ரோஸ்லின்


வில்லியனூர்
18.9.2025

ரோஸ்லின்,

இந்தக் கடிதத்தை ஆறாவது முறையாக எழுதுகிறேன். ஐந்து முறையும் நடுவில் ஒரு ஜோக் வந்து கால்நீட்டி உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கை என்னுடையது. பதிலை முதல்நாளே பார்த்து எழுதி முடித்துவிட்டாள் வெண்ணிலா. மறுநாள் அவள் வரவில்லை, எனக்குக் கடிதக் கட்டை அனுப்ப அவசரம். கைதானே என்று என் கையை வைத்து வரைந்தேன். திருடப் போன இடத்தில் கைரேகையைக் கட்டம் கட்டி வைத்துவிட்டு வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பார், இங்கேயும் ஒன்று வந்துவிட்டது.

கை மட்டும் இல்லை. எல்லாக் கடிதமும் நான் எழுதியது. நான் எழுதிக் கொடுத்தேன், பார்த்து எழுதினார்கள். பத்தொன்பது பேரில் தாமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்து பேர். வெண்ணிலா அந்த ஐவரில் இல்லை. அவள் எழுத்தை வரைகிறாள், கோலம் போடுகிற மாதிரி. இது எனக்கு ஜூன் மாதமே தெரியும். எனக்கு முன்னால் ஆறாம் வகுப்பில் அவளுக்குப் பாடம் எடுத்த கல்பனா மிஸ்ஸுக்குப் போன வருடமே தெரியும். அந்த அழகான கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராக அவளை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டிருக்கிறோம்.

உன் இரண்டு வரிக் கடிதம் வந்த மறுநாள் அருள்மொழி எழுதியதை வெண்ணிலாவிடம் கொடுத்து, "படிடி" என்றேன். அதுவரை அது என் பைக்குள்தான் இருந்தது. அவளுக்கு வந்த கடிதத்தை அவள் பார்த்ததே இல்லை. வாங்கினாள், ஒரு பார்வை பார்த்தாள், திருப்பி நீட்டினாள். "நீங்களே படிச்சிருங்க மிஸ். நீங்கதான பதில் எழுதப் போறீங்க" என்றாள்.

கோபம் இல்லை, குத்தல் இல்லை. சத்துணவு வரிசையில் தட்டை நீட்டுவது போலத்தான் நீட்டினாள். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

உலகநாதன் சாரிடம் போய்ச் சொன்னேன், பேனரைக் கழற்றச் சொன்னேன். "இதுக்குப் போயி இன்னா மிஸ், எல்லாரும் அப்டித்தான பண்றாங்க" என்று ஆறுதல் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பேனர் இன்னும் தொங்குகிறது. தினமும் அதன் கீழேதான் நுழைகிறேன், குனிந்து.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினான்கு பேரை உட்கார வைக்கிறேன். எங்களுக்குப் படகு இல்லை. பஸ் பலகை, உர மூட்டை, டீக்கடைப் பெயர் என்று போகிறது. உன்னைப் பார்த்துக் காப்பியடித்ததுதான். வெண்ணிலாவுக்குப் பாதி எழுத்து வந்திருக்கிறது. 'வில்லியனூர்' என்று வாசித்துவிட்டு, பஸ் எங்கே போகிறது என்று இதுநாள்வரை கண்டக்டரைக் கேட்டுத்தான் ஏறினேன் என்றாள். அவள் ஊர்தான் அது.

இந்தக் கடிதத்தை அருள்மொழிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு. எதையும் விடாதே. சோம்பல் என்று எழுதியது வெண்ணிலா இல்லை, விஜயகுமாரி மிஸ் என்று சொல். வெண்ணிலாவுக்கும் இப்போதுதான் எழுத்துக்கூட்ட வருகிறது என்று சொல். அவள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அதுதான்.

விஜயகுமாரி


பாகூர்
27.9.2025

அன்பு விஜிக்கு,

படித்துக் காட்டினேன். எதையும் விடவில்லை. அருள்மொழி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "அப்ப அதுக்கும் வராதா மிஸ்?" என்றாள். "இப்பதான் வந்துக்கினு இருக்கு" என்றேன். வேறு பென்சில் கேட்டாள்.

நான்கு நாள் எழுதினாள். எனக்கும் காட்டவில்லை. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, மேலே ஒரு வரியும் எழுதித் தந்திருக்கிறாள். அப்படியே அனுப்புகிறேன்.

உன்மேல் கோபமாக இருந்தேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ எழுது.

ரோஸ்லின்


வில்லியனூர்
9.10.2025

ரோஸ்லின்,

உறையின் மேல் 'வெண்ணிலா மட்டும். மிஸ் படிக்கக் கூடாது' என்று இருந்தது. அதைப் படித்த அளவுக்குத்தான் நான் படித்தேன்.

வெண்ணிலாவிடம் கொடுத்தேன். "நீங்க படிங்க மிஸ்" என்று வழக்கம்போல நீட்டினாள். "நான் படிக்கக் கூடாதாம்டி. போட்டிருக்கு பார்" என்றேன். அவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. மேலே எழுதியிருந்ததைத் தானே கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். அப்புறம் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

ஆறு நாளாகப் படிக்கிறாள். ஒரே பக்கம். பக்கத்தில் யாரையும் விடுவதில்லை. தெரியாத எழுத்து வந்தால், அதை மட்டும் கரும்பலகை ஓரத்தில் எழுதி, "இது இன்னா மிஸ்?" என்கிறாள். சொன்னதும் அழித்துவிட்டுப் போகிறாள். ஒன்று, ஒன்றாக.

நேற்று 'பொ' எழுதிக் கேட்டாள். சொன்னேன்.

இன்று காலை 'ய்' எழுதிவிட்டு நின்றாள். ஐம்பத்தோரு வயது, இருபத்தேழு வருட சர்வீஸ். இரண்டு எழுத்தைச் சேர்க்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வேறு ஏதாவது எழுத்தைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு தயாராகிவிட்டது, ரோஸ்லின். அவ்வளவு பழக்கம் அதற்கு.

"ய்" என்றேன். "மேல புள்ளி இருக்கு பாரு."

தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். உதடு அசைந்தது. இரண்டையும் சேர்த்தாள். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தாள்.

பிறகு குனிந்து, அடுத்த வார்த்தைக்குப் போனாள்.

விஜயகுமாரி