வேற வீட்டு ரீடிங்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், சைக்கிளும் நலம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ சிரிப்பாய், சொல்ல வந்ததை நான் விட்டுவிடுவேன், அப்பா வேறு பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் கடிதம். கடைசிவரை படி, முக்கியமான விஷயம் கடைசியில்தான் வருகிறது.

நீ அங்கே மலைச் சைக்கிள் வாங்கிப் படம் அனுப்பினாயே, அன்றைக்குப் பிடித்தது அப்பாவுக்குச் சைக்கிள் பைத்தியம். தானும் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னார். நான் முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் நின்றவள். காறை எலும்பு உடைந்து வந்தவர்களில் பாதிப் பேர் “சும்மா சைக்கிள்ல போனேன்” என்றுதான் கதையை ஆரம்பிப்பார்கள். அதைச் சொன்னேன். மீதிப் பாதி எப்படி உடைத்துக்கொண்டது என்று கேட்டார். குளியலறையில் வழுக்கி என்றேன். அப்படியானால் குளிப்பதையும் நிறுத்திவிடவா என்றார். ரிட்டையரான மனுஷனோடு யார் வாதம் பண்ணுவது, விட்டுவிட்டேன்.

கடைக்கு நாலு தடவை போனோம். கடைக்காரரேதான் மெக்கானிக்கும், கையில் எப்போதும் கிரீஸ், அதிகம் பேசாதவர். முதலில் முன்பக்கம் மட்டும் ஷாக் அப்சர்பர் வைத்த வண்டியைக் கொடுத்தார். அப்பா கடைக்குப் பின்னால் இருக்கும் உடைந்த தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்து, கை சுகமாக இருக்கிறது, உட்காரும் இடத்துக்கு மட்டும் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தகவல் சொல்கிறது என்றார். அடுத்து முன்னாலும் பின்னாலும் ஷாக் வைத்தது, ஃபுல் சஸ்பென்ஷன். அதில் போய்வந்தவருக்கு வாயெல்லாம் பல். கடைக்காரர் நல்ல மனுஷன், ரோட்டில் ஓட்ட இது தேவையே இல்லை, கனமும் அதிகம், பராமரிப்பும் அதிகம் என்று விற்கவேண்டிய பொருளைத் தானே குறை சொன்னார். அப்பா காதில் எதுவும் விழவில்லை. சைஸ் பார்க்கும்போது லார்ஜ் வேண்டும் என்றார். கடைக்காரர் அவரைக் கம்பிக்கு மேல் காலைப் போட்டு நிற்கச் சொன்னார், அப்பா நுனிக்காலில் நின்றார், கடைக்காரர் உள்ளே போய் மீடியம் எடுத்து வந்தார். அப்பாவும் நானும் ஒரே உயரம் என்பது நம் வீட்டில் யாரும் பேசாத விஷயம், கடையில் வைத்துத் தெரியவேண்டியதாயிற்று.

அப்புறம் கடைக்காரர் எடை கேட்டார். ஓட்டுகிறவர் எடைக்குத் தகுந்தபடிதான் ஷாக்கில் காற்று அடிக்க வேண்டுமாம். அப்பா ஒரு எண் சொன்னார், அது நீ காலேஜில் சேர்ந்தபோது இருந்த எண். கடைக்காரர் முகம் மாறாமல், ஹெல்மெட், ஷூ, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும் மெஷினில் ஏறச் சொன்னார். வந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை, ஏனென்றால் என் எண்ணும் ஏறக்குறைய அதுதான். காற்று அடித்து முடித்ததும் பின்ஷாக்கின் தண்டில் இருந்த ஒரு சின்ன ரப்பர் வளையத்தைக் காட்டினார். ஷாக் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் அந்த வளையம் தள்ளிக்கொண்டு போய் அங்கேயே நின்றுவிடும். பதமாக ஓட்டினால் பாதியில் நிற்கும், கல்லிலும் வேரிலும் துணிந்து இறக்கினால் கோடிவரை போகும். பார்த்துவிட்டுக் கீழே தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்தவருக்கு சைக்கிளிலும் ஒரு மீட்டர் அமைந்துவிட்டது. இவ்வளவு தண்ணீர் நாங்கள் செலவழிக்கவே இல்லை என்று சண்டைக்கு வந்தவர்களுக்கெல்லாம் “மீட்டர் பொய் சொல்லாதுங்க” என்று ஒரே பதிலைச் சொல்லி வேலையை முடித்தவர் அவர். அன்றிலிருந்து சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு ரீடிங் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். வாரத்துக்கு ஒரு தடவைதான், நடுவில் குனிந்துகூடப் பார்க்க மாட்டார், அது முறையில்லையாம்.

வண்டி ஹாலில், ஃப்ரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நிற்கிறது. நான் பக்கவாட்டில்தான் சமையலறைக்குப் போகிறேன். கைப்பிடியில் ஒரு லீவர், அதை அழுத்தினால் சீட் கீழே இறங்கும். அதைச் சோதிப்பதற்காக வண்டியில் உட்கார்ந்துகொண்டே அழுத்திவிட்டு, சட்டென்று என் கண்ணெதிரே அரை அடி குள்ளமானார். நான் சிரிக்கவில்லை, சிரித்தால் இரண்டு நாள் பேசமாட்டார். காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்குப் போவார். மேலேயிருந்து ஒற்றையடிப் பாதை இறங்குகிறது, நடுவில் படிக்கட்டு மாதிரி பத்துப் பதினோரு கல். மொட்டை மாடியில் துணி காயப்போடும் இடத்தில் நின்றால் எல்லாம் தெரியும். புல்லில் ஜோராக வருவார், கல் வந்ததும் இறங்கி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வண்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து இறங்கி, கீழே போய் மறுபடி ஏறிக்கொள்வார். வீட்டுக்கு வந்து “ஒரே மூச்சுல இறங்கிட்டேன்” என்பார். நானும் துண்டை எடுத்துக் கொடுப்பேன்.

இனி என் கதை. செவ்வாயும் வெள்ளியும் பத்திலிருந்து பன்னிரண்டுவரை அப்பா ஓய்வூதியர் சங்க ஆபீசில் இருப்பார். முதல் செவ்வாய் வண்டியைத் துடைத்தேன். வெள்ளிக்கிழமை ஏறி உட்கார்ந்தேன். அடுத்த செவ்வாய் அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மேட்டில் நின்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டு வருஷம் ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில்தான் போனேன், நீ வயிற்றில் வந்த பிறகு நிறுத்தியது, அதனால் பழி உன் மேல். முதல் இரண்டு தடவை நானும் கல்லைத் தூக்கிக்கொண்டுதான் கடந்தேன், வண்டியைச் சொல்கிறேன். மூன்றாவது தடவை சீட்டை இறக்கி, பின்னால் சாய்ந்து, பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காமல் விட்டேன். வாழ்நாள் முழுக்க ஊராருக்குச் சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், “மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க.” பதினோரு கல்லும் போய்விட்டது. கீழே வந்து நின்றபோது என்னை யாராவது பேர் கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. திரும்பி வந்து டயர் மண்ணைத் துடைத்து, ஹெல்மெட் பட்டையைப் பழையபடி முடுக்கி, எல்லாத் தடயத்தையும் அழித்தேன். வளையம் ஞாபகத்துக்கு வரவே இல்லை. ஊரையெல்லாம் படம் பிடித்தவளுக்கு, தன்னை ஒன்று படம் பிடித்துக்கொண்டிருந்தது தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பா குனிந்தவர் நிமிரவே இல்லை. வளையம் கோடியில் நின்றது. ஷாக்கில் காற்று இறங்குகிறது என்று திங்கட்கிழமை கடைக்கு உருட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் பம்பு வைத்துப் பார்த்து, காற்று சரியாக இருக்கிறது, வண்டியில் குறையே இல்லை, “இந்த வயசுல இப்படி இறக்குறீங்களே சார்” என்று சொல்லிக் கையும் கொடுத்தாராம். அப்பா வாயைத் திறக்காமல் கையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கல்லை நடந்து கடந்தது அவர் கால். ஆனால் வளையம் வேறு சொல்கிறதே. புல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் நிறைய இருக்கிறது போல என்று என்னிடமே விளக்கம் சொன்னார். இரண்டு வாரத்தில் அவர் நடையே மாறிவிட்டது. நானும் செவ்வாய், வெள்ளி தவறாமல் இறங்கிக்கொண்டுதான் இருந்தேன். நான் நினைத்திருந்தால் வெள்ளிக்கிழமை வந்ததும் வளையத்தைப் பாதிக்குத் தள்ளிவைத்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. மனசு வரவில்லை. அது நான் இறங்கியது. அந்தப் பாராட்டை அவர் வாங்கிக்கொண்டு வந்து என்னிடமே சொன்னபோது, “நல்லதுதானே” என்று மென்று விழுங்கினேன்.

அதோடு போயிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. போன மாதம் கடைக்காரர் தன்னோடு ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் கூட்டத்தில் அப்பாவையும் சேர்த்துவிட்டார். போகுமிடம் கல்குவாரிச் சரிவு. அந்தச் சரிவை நான் நேரில் பார்த்ததில்லை, அங்கேயிருந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒருவருக்கு மணிக்கட்டு, ஒருவருக்கு இடுப்பு. போகவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “ஆறு வாரமா ரீடிங் சொல்லுது, நீ என்னடான்னா” என்றார். என் எலும்புக் கதைகள் எதுவும் எடுபடவில்லை. கல் வந்தால் இறங்கி நடக்கிற மனுஷன், என் தைரியத்தை நம்பித் தன் கழுத்தைக் கொண்டுபோய் வைக்கப்போகிறார். மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. சனிக்கிழமை ஆறு மணிக்கு அவர் குனிந்தபோது சொல்லிவிட்டேன். “மீட்டர் பொய் சொல்லல. நீங்க எழுதினது வேற வீட்டு ரீடிங்.” முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு வீட்டு ரீடிங்கை இன்னொரு வீட்டில் ஒரு தடவைகூட எழுதாதவர் அவர். வேறு எப்படிச் சொன்னாலும் புரிந்திருக்காது, இது உடனே புரிந்தது. ஆனாலும் நம்பவில்லை. வண்டியை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார், நான் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். மேட்டில் தன் கட்டைவிரலாலேயே வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, கல் முடியும் இடத்தில் போய் நின்றுகொண்டார்.

நான் இறங்கினேன். அவரைத் தாண்டும்போது பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நின்ற பிறகு வந்து குனிந்து வளையத்தைப் பார்த்தார். கோபிப்பார், இல்லையென்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார் என்று இரண்டுக்கும் தயாராக நின்றேன். அவர் கேட்டது வேறு. “இத்தனை நாளும் தனியாவா வந்த? விழுந்திருந்தா எனக்கு யாரு வந்து சொல்லியிருப்பா?” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒருத்தருக்கும் தெரியாத இரண்டு மணி நேரம் என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அதில் நான் விழுந்து கிடந்தாலும் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது என்பது, எத்தனையோ விழுந்தவர்களைப் பார்த்த எனக்கே தோன்றவில்லை. அப்பா அங்கேயே நின்று கடைக்காரருக்குப் போன் பண்ணினார். முதுகுவலி, விருந்தாளி என்று எதுவும் சொல்லவில்லை. “அந்த ரீடிங் என்னோடது இல்லைங்க, வீட்டம்மாவோடது. என் பேரை எடுத்துடுங்க” என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது செவ்வாயும் வெள்ளியும் அவர் சங்க ஆபீசுக்குக் கிளம்பும் முன்னால் இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம், ஒருத்தர் ஓட்டினால் ஒருத்தர் கல் முடியும் இடத்தில் நிற்கிறோம். நேற்று அவர் மூன்று கல் இறங்கினார். நாலாவதைப் பார்த்ததும் இறங்கிக்கொண்டார்.

முக்கியமான விஷயம் என்றேனே, அது இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகப் போகிறோம் என்று நீ சொல்கிறாய். அந்தக் கூட்டத்தில் ஒருத்தரைப் பற்றிக்கூட இதுவரை நீ வாய் திறந்ததில்லை. தனியாகத்தான் போகிறாய். திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை, போகாதே என்றும் சொல்ல மாட்டேன், அந்தச் சந்தோஷம் என்னவென்று இப்போது எனக்கும் தெரியும். ஏறும் முன்னால் “ஏறுறேன்” என்று ஒரு வார்த்தை, வந்த பிறகு “இறங்கிட்டேன்” என்று ஒரு வார்த்தை அனுப்பு. எந்த மலை, எவ்வளவு தூரம், யாரோடு என்று எதையும் கேட்க மாட்டோம். இங்கே எந்நேரமாக இருந்தாலும் சரி. அப்பா உனக்கென்று புது நோட்டு வாங்கி, அட்டையில் உன் பேரை எழுதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம் என்று கோடு கிழித்து வைத்திருக்கிறார். முதல் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.

உடம்பில் இருக்கும் இருநூற்று ஆறு எலும்பும் முழுசாக, மனசும் முழுசாக, நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

என்றும் உன்,
அம்மா