பூ வெச்ச குற்றம்

மாப்ளே,

இன்றைக்குக் காலையில் அரசாங்கம் உனக்குத் திதி கொடுத்தது. யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமலேயே கொடுத்தது.

புளி மூட்டையோடு செங்கம் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மலையிறங்கிய பஸ் அடிவாரத்துக் கல்குவாரிப் பக்கம் திரும்பியபோது ஜன்னல் வழியாக ஒரு புகை ஏறியது. டிக்கெட் வாங்காமல் கடைசி சீட்டு வரை போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது. "இன்னாய்யா இது, இப்டி நாறுது" என்றார் முன் சீட்டுக்காரர். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "போலீஸ்காரங்க புடிச்ச கஞ்சாவ கொளுத்துறாங்க. மூக்கப் பொத்திக்கங்க. இல்லாட்டி செங்கத்துல எறங்க மாட்டீங்க, நேரா கைலாசம்தான்."

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது உன் மாட்டுக் கொட்டாய்க்குப் பின்பக்கத்து வாசனை. பள்ளத்தில் மூட்டை மூட்டையாக எரிந்துகொண்டிருந்தது. முகமூடி போட்ட அதிகாரிகள் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடிவாரத்து ஆடுகள் எல்லாம் இந்நேரம் நிஷ்டையில் உட்கார்ந்திருக்கும். காக்கைகள் பின்பக்கமாகப் பறந்திருக்கும். ஒரு பிடி தழையைக் கொதிக்க வைத்த உனக்குச் சிறை. ஊருக்கே மூட்டம் போட்டவர்களுக்குப் பத்திரிகையில் படம்.

நீ புளி உலுக்க ஏறி விழுந்த கதையை நான் சொல்லச் சொல்ல அந்த மரம் வளர்ந்துகொண்டே போகிறது. இப்போதைக்கு அது காவலூர் தொலைநோக்கிக் கூடத்தை விட உயரம். நீ தரை வந்து சேர அரைப் பொழுது ஆனது. நடுவழியில் ஒரு பீடி பற்ற வைத்துக்கொண்டாய். இப்படித்தான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உன் முதுகெலும்பு நொறுங்கியதை மட்டும் நான் கூட்டிச் சொன்னதில்லை. அதற்குக் கூட்ட ஒன்றும் இருக்கவில்லை.

வேலூரில் கொடுத்த மாத்திரை வலியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ரத்தமாக வாந்தி எடுத்தாய். படுக்க முடியாமல், நிற்கவும் முடியாமல், மாட்டுக் கொட்டாய்க் கம்பத்தில் நெற்றியை வைத்துச் சாய்ந்தபடியே மாதக்கணக்கில் இருந்தாய். மாட்டுச் சந்தையில் யாரோ கொடுத்த விதையில் இரண்டு செடி முளைத்தது அப்போதுதான். தழையைக் கிள்ளி வெல்லம் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தாய். மறுநாள் வெயில் ஏறிய பிறகு உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, அலறியடித்து ஓடி வந்தாள். "அண்ணா, மனுசன் அசையாம கெடக்குறாரு, வந்து பாரு." வந்து பார்த்தேன். நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். அந்தக் குறட்டைக்குப் பயந்து இந்த மலையின் கரடிகள் எல்லாம் ஆந்திராவுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. வாசற்படியில் உட்கார்ந்து என் தங்கச்சி சத்தம் வராமல் அழுதாள். சந்தோஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நீ விற்கவில்லை. யாருக்கும் ஓர் இலை கூடக் கொடுக்கவில்லை. கேட்ட எனக்கும் இல்லை. "உனுக்கு எதுக்கு மச்சான், நீ சும்மாவே அப்டித்தான பேசுற" என்றாய்.

பிறகு படையெடுப்பு. மலையில் பெரிய கஞ்சாத் தோட்டம் இருப்பதாக யாரோ காதில் போட, ஒரு தேசத்தையே பிடிக்கக் கிளம்பியது போல ஜீப்புகள் ஏறி வந்தன. பகலெல்லாம் சுற்றினார்கள். கேழ்வரகு இருந்தது, சாமை இருந்தது, தோட்டம் இல்லை. திரும்பும் வழியில் உன் வூட்டில் தண்ணீர் கேட்டார்கள். நீயே சொம்பில் மொண்டு கொடுத்தாய். அவசரத்துக்குக் கொட்டாய்ப் பின்பக்கம் ஒதுங்கிய கான்ஸ்டபிள் அங்கிருந்து போட்ட சத்தம், புதுக் கண்டம் கண்டுபிடித்தவன் கூடப் போட்டிருக்க மாட்டான்.

அடுத்து நடந்ததை இந்த மலைக்காரனால்தான் புரிந்துகொள்ள முடியும். ஒருத்தன் கொல்லைக்குள் இன்னொருத்தன் கால் வைத்தால் முதலில் கேட்பது 'பூ வெச்சிடுச்சா' என்றுதான். இல்லை என்று சொல்ல எந்தக் கொல்லைக்காரனுக்கும் நாக்கு வராது. வெட்கக்கேடு அது. அந்த இன்ஸ்பெக்டர், பாவம், எழுதிக்கொள்வதற்காக அதையே கேட்டார்.

"இன்னாய்யா, பூ வெச்சதா இது?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க" என்றாய் நீ. உன் முகத்தில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். "ஜம்முனு வெச்சிருக்குங்க. நாளைக்கே காய் புடிச்சிடும். எல்லாம் நம்ம வூட்டு எருதானுங்க."

நான் உன் காலை மிதித்தேன். "இன்னா மச்சான், கால மிதிக்கிற" என்று என்னைத் திட்டினாய்.

பூவே வைக்கவில்லை மாப்ளே, அதுதான் கொடுமை. நுனி வரைக்கும் வெறும் தழை. இந்த மலையின் மாபெரும் பொய்யன் என்ற பட்டம் என்னுடையது. நீ உள்ளதை உள்ளபடி சொல்லிச் சொல்லியே என் கதைகளை எல்லாம் கெடுத்தவன். வாழ்நாளில் நீ கூட்டிச் சொன்னது அந்த ஒரே ஒரு தடவை. அதைத்தான் அரசாங்கம் நம்பியது.

செடிகளை வேரோடு பிடுங்கித் தராசில் தொங்கவிட்டார்கள். தண்டு, தழை, வேரில் ஒட்டியிருந்த நம் மலை மண், அதிலிருந்த மண்புழு, எல்லாமே அன்றைக்குப் போதைப் பொருளாகி எடையில் ஏறின. உன்னை நடுவில் குந்த வைத்து, முதுகு நிமிராத உன்னை 'நிமிர்ந்து பாருடா' என்று சொல்லி, பின்னால் அத்தனை பேரும் மார்பை விரித்து நின்று படம் எடுத்தார்கள். உலகப் போதைச் சந்தையின் சக்கரவர்த்தி, காலில் செருப்பில்லாமல்.

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "தழை மட்டும்னா சட்டப்படி அது கஞ்சா இல்லைங்க. பூவும் காயும்தான் கஞ்சா. அந்த எடை கேஸுக்காவது பூ வெக்காத செடின்னு வாதாட ஒரு சந்து இருந்துது. இவரு வாயாலயே அடைச்சிட்டாரே." செடியைப் பார்த்துச் சொல்லலாமே என்றேன். அது எப்போதோ காய்ந்து சருகாகி மூட்டைக்குள் போய்விட்டது. இனி பிரம்மன் இறங்கி வந்தாலும் அதைத் தழையா பூவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எங்கோ இருக்கும் நட்சத்திரத்துக்கு வயசு சொல்லும் காவலூர் நமக்குக் கூப்பிடு தூரம். கண்ணெதிரே நின்ற செடி பூத்ததா இல்லையா என்று பார்க்க ஒரு கண் இல்லை.

கஞ்சா வைத்திருந்ததற்கு ஒரு கேஸ் போக, செடி வளர்த்ததற்குத் தனியாகப் பத்து வருஷம் வரை போடலாமாம். ஒன்றானாலும் ஒரு காடானாலும் ஒரே பிரிவு. வடக்கே இதே தழையை அரைத்துப் பாலில் கலந்து லைசென்சு வாங்கிய கடையில் விற்கிறார்கள். குடித்துவிட்டுச் சாமி கும்பிடுகிறார்கள். அந்தச் சாமி நம் மலைப் பக்கம் வர மாட்டார் போல.

ஜெயிலில் சிமெண்டுத் தரை. வெளியே வந்தபோது நீ பாதி உயரம்தான் இருந்தாய். ஜாமீனில் விட்டவர்கள் தினமும் காலையில் அடிவாரத்து ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மலையில் பஸ் வருவது எப்படி என்று தெரிந்த எவனும் அப்படி ஒரு தண்டனையை யோசித்திருக்க மாட்டான். வளைவுக்கு வளைவு நீ கம்பியைக் கடித்துக்கொண்டு வந்தாய். ஸ்டேஷன் வாசலுக்கு நேர் எதிரே அரசாங்கம் நடத்தும் சாராயக் கடை. முந்தின நாள் குடித்தவன் ஒருத்தன் வேட்டி ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாக வழியில் கிடப்பான். அவனைத் தாண்டிப் போய், தூங்க ஆசைப்பட்ட குற்றத்துக்கு நீ கையெழுத்துப் போடுவாய். ஒரு நாள் நின்று அவனைப் பார்த்தாய். "இவன் வுழுந்தா கவர்மெண்ட்டுக்கு லாபம் மச்சான். நான் தூங்குனா நஷ்டம் போல."

அப்படிப் போக நின்ற ஒரு காலையில்தான், பஸ் நிற்கும் இடத்தில், மைல்கல்லில் சாய்ந்தபடி நீ போனாய். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தாராம். நீ தூங்குகிறாய் என்றே நினைத்தாராம்.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"இன்னாய்யா, இன்னைக்கு ஆளக் காணோம்?"

"செத்துட்டாருங்க."

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, அதுக்கு சர்ட்டிபிகேட் கொண்டாந்து குடுத்துடுங்க" என்றார்கள்.

அன்றிலிருந்து பஸ் நிற்கும் இடத்தில், டீக்கடையில், கல்யாணப் பந்தியில் எல்லாம் நான் அரசாணை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஜவ்வாது மலைச் சக்கரவர்த்தியாகிய யாம் அறிவிப்பது யாதெனில், ஓட்டுப் போடும் வயசு வந்தவன் தன் வூட்டுப் பின்பக்கம் தனக்கென்று இரண்டு செடி வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் லைசென்சு வேண்டும். பள்ளிக்கூட வயசுக்குக் கொடுத்தவனை விடக்கூடாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் பிடிக்கலாம். வலிக்காரனுக்கு டாக்டரே எழுதிக் கொடுக்கலாம். சிரிக்கிறார்கள். நான் சிரிக்க வைத்துத்தான் சொல்கிறேன், ஆனால் ஒரு எழுத்துக் கூட விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் உன் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "மாமா, நீங்க பேசிட்டுப் போய்ட்றீங்க. நான் வார்டுல பாக்குறேன். காலேஜ் பையன், கஞ்சா இழுத்து இழுத்து, காதுல யாரோ பேசுறாங்கன்னு செவுத்துல முட்டிக்கிறான். அதையும் சேத்து சொல்லுங்க."

"சொல்றம்மா. அவனுக்கு அத வித்தது யாரு?"

"யாருக்குத் தெரியும்."

"அதாம்மா. யாருக்கும் தெரியாது. கடைன்னு ஒண்ணு இருந்தா வயசு கேக்கலாம், தப்பா வித்தா பூட்டலாம். இப்ப பூட்டுனது யார? வித்தவன் போய்ட்டான். உங்கப்பன்தான் உள்ள போனான்."

அவள் கைப்பையை இழுத்து மூடினாள். பிறகு சொன்னாள்: "அப்பாவுக்கு என் கையால குடுத்த மாத்திரதான் வயித்த ஓட்ட போட்டுது. தழை போடல. அது எனக்குந்தான் தெரியும்."

போன வாரம் விவசாய ஆபீஸர் ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை. என் அவரைப் பந்தல் இந்த வருஷம் இலை தெரியாமல் ஊதாவாகப் பூத்துக் கிடக்கிறது. வண்டுகள் போடும் சத்தத்தில் பேசினால் காது கேட்காது. அதற்குக் கீழேயே நின்று கேட்டார்: "இன்னா பெரியவரே, பூ வெச்சிடுச்சா?"

"இன்னும் இல்லீங்க சார்" என்றது என் வாய்.

அவர் பந்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மட்டும் இல்லை மாப்ளே. உன் வூட்டைச் சுற்றி இப்போது சாமைக்காரனும் அப்படித்தான் சொல்கிறான், பூசணிக்காரனும் அப்படித்தான் சொல்கிறான். பேண்ட் போட்டவன் கேட்டால் நம் ஊரில் எதுவுமே பூப்பதில்லை. ஆயிரம் பொய் நானாக ஆசைப்பட்டுச் சொன்னவன். இந்த ஒரு பொய்யை என் வாயில் வைத்தது சட்டம், துப்பினாலும் போகவில்லை.

அவர் பைக் சத்தம் மறைந்த பிறகு பந்தலுக்குள் போய் நின்றேன். பக்கத்தில் யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன். அப்புறம் உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

வெச்சிருக்குடா மாப்ளே. ஜம்முனு வெச்சிருக்கு.