பெருமாள் கோழி

செப்டம்பர் 22, 2025, திங்கள்

கருப்பி இன்று கூவியது. துவைக்கிற கல்லின் மேல் ஏறி, கழுத்தை நீட்டி, அப்படியே சேவல் போல. அது பெட்டைக்கோழி. நான் படிக்கும்போது காலடியில் வந்து படுத்துக்கொள்ளும் கோழி.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். "பெட்டை கூவுனா வீட்டுக்கு ஆகாது. அறுத்துற வேண்டியதுதான்."

புரட்டாசி நடக்கிறது, வீட்டில் கத்தி காய்கறியோடு சரி. ஆக, தீபாவளி வரை ஆயுள்.

செப்டம்பர் 24

தேடிப் படித்தேன். கூட்டத்தில் சேவல் இல்லாமல் போனால் சில சமயம் ஒரு பெட்டை அந்த வேலையை எடுத்துக்கொள்ளுமாம். எங்கள் சேவலை ஆவணியில்தான் விற்றோம். அம்மாவிடம் சொன்னேன். "அது அது வேலையை அது அது பாக்கணும்" என்றாள்.

அப்பா இறந்ததிலிருந்து அவருடைய பலசரக்குக் கடையைத் திறப்பது அம்மாதான். இதை நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 28

பக்கத்து வீட்டு ஹெப்சிபா அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "எங்களுக்கு ஏது புரட்டாசி? இன்னைக்கே குடுங்க" என்றாள். அம்மா யோசித்தாள். அந்த யோசனைதான் பயமாக இருந்தது.

"அதை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேர்ந்திருக்கேன்" என்றேன்.

பொய். கருப்பசாமி என்று சொல்லியிருந்தால் அங்கே கொண்டுபோய் வெட்டுவார்கள். பெருமாள் கறி கேட்கமாட்டார்.

"பெருமாளுக்குக் கோழியா?" என்றாள் அம்மா. ஆனால் நேர்ந்ததில் யார் கைவைப்பது? அக்காவின் தலை கீழே இறங்கிவிட்டது.

அக்டோபர் 4, சனி

நேர்ந்தால் செலுத்தியாக வேண்டுமாம். கருப்பியை வயர் கூடையில் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு மலைப்படி. கூட்டம் கோவிந்தா என்றபோது கருப்பியும் கூவியது. சிலர் கூடையைக் கும்பிட்டார்கள்.

சீட்டு கொடுப்பவர், கோழியெல்லாம் இங்கே வாங்குவதில்லை என்றார்.

"பொறவு இதை என்ன செய்யட்டும்?" என்றாள் அம்மா.

"வீட்டுல வச்சு வளத்துக்கோங்கம்மா. சாமி கோழின்னா வளக்கத்தான வேணும்."

வரும்போது அம்மா கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 13

கூவியது. யாரும் திட்டவில்லை.

அக்டோபர் 20, தீபாவளி

ஆட்டுக்கறி. சோழபுரத்திலிருந்து சித்தப்பா வந்திருந்தார். கருப்பி கூவியதும் இட்லியைப் பிய்த்த கை நின்றது. "பெட்டை கூவுற வீடு வெளங்காது மதினி. கடையையும் பேசாம என்கிட்ட விட்டுருங்க."

அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். "அது பெருமாள் கோழி. கடையும் நல்லாத்தான் ஓடுது. சாப்பிடுங்க."

அக்டோபர் 23

விடிந்து வெகுநேரமாகியும் கூவவில்லை. அம்மா கடைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கூண்டுப் பக்கம் குனிந்து நின்றாள்.

"ஏட்டி, உடம்புக்கு என்ன?"

ஒன்றுமில்லை என்று உள்ளேயிருந்து சொன்னேன். என்னைக் கேட்கவில்லையாம்.