சிவப்புக் குறி போட்ட வாள்

முத்தாரம்மன் துணை

கொல்லன்விளை,
புரட்டாசி 9.

மஸ்கட்டில் மகள் வீட்டில் இருக்கும் என் தங்கச்சி அன்னக்கிளிக்கு அண்ணன் குமாரதாஸ் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் சுனிதாவும் பிறந்த குஞ்சும் சுகம் என்று பக்கத்து வீட்டு ஷெர்லி போனில் படம் காட்டினாள். குழந்தைக்கு நம் அம்மாவின் நெற்றி. ஏசிக்கு நேராகப் போட்டுத் தூங்க வைக்காதே.

போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்டிருந்தாய். இப்போதைய போனில் சத்தம் கொசு பறக்கிற மாதிரி வருகிறது. அது போனின் குற்றம். எழுதினால் நான் சொன்னது சொன்னபடி இருக்கும். ஷெர்லி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். அனுப்பும்போது படிக்கிறாள் என்று நினைக்கிறேன். படிக்கட்டும், ரகசியம் ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். நான் நம் மர அறுப்பு மில்லுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வினோஜ் உன்னிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பான். உன் மகன் என்பதற்காக நான் கூட்டியோ குறைத்தோ எழுதப்போவதில்லை.

மச்சான் கண்ணை மூடிய நாளிலிருந்து வட்ட வாள்களைப் பராமரிப்பது என் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துப் படித்தேன். ரப்பர் தடி அறுத்தால் அதன் பால் வாளின் இரண்டு பக்கமும் கறுப்புப் பசையாகப் பிடிக்கும். பசை பிடித்தால் வாள் சூடாகும், சூடானால் ஓட்டத்தில் ஆடும். அதனால் கழற்றி டீசலில் ஊறப்போட்டு, பித்தளை பிரஷால் தேய்த்து, துடைத்து, கம்பியில் தொங்கவிட்டு மரக்கட்டையால் ஒரு தட்டு தட்டுவேன். நல்ல வாள் கோயில் மணி மாதிரி இழுத்துப் பாடும். விரிசல் விழுந்தது சட்டி மாதிரிச் சொல்லும்.

அன்றைக்கும் அப்படித்தான் பெரிய வாள்களில் ஒன்றைத் தட்டினேன். நல்ல வாள், மாட்டலாம் என்றேன். தடி உருட்டுகிற ததேயுஸ், தேங்காய்ப்பட்டணத்துக்காரன், என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, மணி ஒமக்க தலைக்குள்ளதான் அடிக்குது. இது சட்டிச் சத்தமாக்கும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வாளைக் கீழே வைத்துச் சுண்ணாம்புப் பொடியைத் தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய டீசல் கசிந்து பொடியில் கறுத்த கோடு விழும். விழுந்தது. பல்லின் அடியிலிருந்து நடுவை நோக்கி, தலைமுடி மாதிரி மெல்லிசாக. கண்டுபிடித்தது என் சுண்ணாம்பு. ததேயுஸின் காது இல்லை.

ஆனால் வினோஜ் என்ன சொன்னான் தெரியுமா? வேலைக்காரர்கள் முன்னால் வைத்து, "மாமா, ஒமக்கு காது போச்சு. இனி பிளேடுல கை வைக்காண்டாம். வீட்டுல இரியும்" என்றான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அந்த வாளில் சிவப்புப் பெயிண்டால் பெரிதாகக் குறுக்குக் குறி போட்டு, தனி ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். என்னை வந்து அழைக்காமல் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

இதை நீ அவனிடம் கேள். வேறு விசேஷமில்லை. வாழைக்குலை வெட்டியாயிற்று, உன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

உன் அண்ணன்,
குமாரதாஸ்


முத்தாரம்மன் துணை

கொல்லன்விளை,
புரட்டாசி 17.

தங்கச்சி அன்னக்கிளிக்கு,

உன் பதிலை ஷெர்லி காட்டினாள். "அண்ணா, வாய்ப்பேச்சுக்கெல்லாம் கோவப்பட்டா முடியுமா? ரோட்டைக் கடந்து போனா தீந்துது" என்று அனுப்பியிருக்கிறாய். ரோட்டைக் கடக்க எனக்குக் கால் இருக்கிறது. அவனுக்கும் இருக்கிறது.

அது கிடக்கட்டும். இப்போது எழுதுவது என் கோபத்தைப் பற்றி இல்லை. கவனமாகப் படி.

ஆயுத பூஜை அன்று ஷெர்லி மில்லுக்குப் போய்ப் பொரியும் அவலும் வாங்கி வந்தாள். எனக்கும் ஒரு பொட்டலம் வினோஜ் கொடுத்துவிட்டிருந்தான். நான் தொடவில்லை. அவள் பூஜையைப் படம் எடுத்திருந்தாள். வாள்களையெல்லாம் பலகையில் வரிசையாகச் சாய்த்து வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். எல்லாம் வெள்ளிக் கிண்ணம் மாதிரி மின்னுகிறது. "எல்லா பிளேடும் கல்யாண மாப்பிள மாதிரி இருக்கு, பாத்தீங்களா தாத்தா" என்று அவள் சிரித்தாள். நான் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

சிவப்புக் குறி எதிலும் இல்லை.

விசாரித்து வரச் சொன்னேன். பூஜைக்கு முந்தின நாள் பையன்கள் எல்லா வாளையும் காஸ்டிக் சோடா கரைத்த டிரம்மில் போட்டிருக்கிறார்கள். டீசலில் பசைதான் போகும், பெயிண்ட் நிற்கும். காஸ்டிக்கில் பெயிண்டும் உரிந்துவிடும். ஆணியில் தனியாகத் தொங்கியதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க வழியில்லை. பூஜைக்கு ஓர் ஆயுதத்தையும் விலக்கி வைக்கக் கூடாது, உடைந்த சுத்தியலானாலும் பொட்டு வைத்து அம்மன் முன்னால் வைக்க வேண்டும் என்பது நம் மில்லு வழக்கம். அந்த வழக்கத்தை வைத்தது நான்தான். அதில் குறை சொல்ல மாட்டேன். குறியை அழித்ததுதான் குறை.

இப்போது கெட்ட வாளும் நல்ல வாளும் ஒரே அடுக்கில் கிடக்கின்றன. ஒரே அளவு, ஒரே பளபளப்பு. பூஜை முடிந்த மறுநாளே அறுப்பு தொடங்கிவிட்டது. சத்தம் தெரிந்து சொல்லக்கூடிய ததேயுஸ் தன் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறான்.

ஷெர்லி வினோஜிடம் கேட்டாளாம், குறி போட்ட வாள் எங்கே என்று. "எல்லாத்தையும் தட்டிப் பாத்தாச்சு. எல்லாம் மணியாக்கும். மாமாவுக்கு சந்தேகம்னா வந்து பாக்கட்டு. வாசல் தொறந்துதானே கெடக்கு" என்றிருக்கிறான். பலகையில் அடுக்கி வைத்துத் தட்டினால் எந்த வாள் பாடும்? தொங்கவிட்டல்லவா தட்ட வேண்டும். அப்புறம், வாசல் திறந்து கிடக்கிறது என்றால் அது அழைப்பா? திறந்து கிடக்கிற வாசலில் ஆடும் நுழையும். நான் ஆடு இல்லை.

நான் போய்ச் சொல்லட்டுமா தாத்தா என்று ஷெர்லி கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவள் சொன்னால் அவன் சிரிப்பான். நான் சொன்னால் காது கேட்காத கிழவன் கத்துகிறான் என்பான். நீ சொன்னால் கேட்பான். நீ பெற்றவள்.

இதைச் சொல். ஒவ்வொரு வாளையும் டீசலில் நனைத்துத் துடைத்துச் சுண்ணாம்பு தூவச் சொல். ஒரு காலை நேரத்து வேலைதான். அது முடியாது என்றால், வாளுக்கு நேர் பின்னால் நின்று தடியைத் தள்ளாதே, ஒரு பக்கமாக நில் என்று சொல். அவன் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளுகிறவன். மரத்தூள் அடைக்கிறது என்று வாளின் மூடியையும் கழற்றி வைத்திருக்கிறான். வாள் ஓட்டத்தில் தெறித்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று நான் உனக்கு எழுத வேண்டாம்.

குழந்தைக்கு என் முத்தம். பெயர் என்ன வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே.

உன் அண்ணன்,
குமாரதாஸ்


முத்தாரம்மன் துணை

கொல்லன்விளை,
புரட்டாசி 20, காலை.

தங்கச்சி அன்னக்கிளிக்கு,

நீ அவனிடம் பேசியதையும், அவன் "சரிம்மா" என்றதையும் ஷெர்லி காட்டினாள். சரிம்மா. பள்ளிக்கூடம் போகிறேன் என்று குழித்துறை ஆற்றில் குளிக்கப் போன நாளிலும் அவன் உன்னிடம் சரிம்மா என்றுதான் சொன்னான். சுண்ணாம்பு தூவினானா என்று நீ கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். உனக்கு அவன் குரலைக் கேட்டாலே போதும்.

நான் திண்டாடவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மில்லுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ரோடு ஒன்றுதானே. ஜன்னலோரம் மேஜையைப் போட்டிருக்கிறேன். மில் ஓடினால் சுவர் அதிரும். உள்ளங்கையை வைத்தால் தடி இளசா முற்றலா என்றுகூட எனக்குத் தெரியும். காது எதற்கு? மேஜையில் தம்ளர் தண்ணீர் இருக்கிறது, அதிலும் வட்டம் வட்டமாக வருகிறது.

இன்று காலை களியக்காவிளைப் பக்கமிருந்து ஒரு லாரி தடி வந்தது. முற்றின மரம், கணு நிறைய. ததேயுஸும் திருவிழா முடிந்து வந்துவிட்டான், பையோடு உள்ளே போவதைப் பார்த்தேன். எனக்குப் பாதி உயிர் வந்தது. முதல் வேலையாக வாள்களைத் தொங்கவிட்டுத் தட்டுவான் என்று நினைத்தேன். தட்டட்டும், என்னைக் கேலி செய்தவனின் காதுதான், ஆனாலும் நல்ல காது. அவன் சட்டை மாற்றுவதற்குள் சுவர் அதிரத் தொடங்கிவிட்டது.

அதிர்வு சரியில்லை, அன்னக்கிளி. ஒரே சீராக வர வேண்டியது, விட்டு விட்டு இடறுகிறது. பசையால் ஆடுகிற ஆட்டம் எனக்குத் தெரியும், அது மெதுவாகக் கூடும். இது அப்படி இல்லை. எழுதும்போதே கோடு கோணலாகப் போகிறது பார். அவனுக்குத் தெரியாதா? கைக்குத் தெரியுமே. நிறுத்துவான். இந்தத் தடி முடிந்ததும் நிறுத்துவான்.

கூப்பிட்டிருந்தால் நான் அங்கே நின்றிருப்பேன். ஒரு வார்த்தை. "மாமா வாரும்" என்று ஒரு வார்த்தை. நீ வளர்த்த வளர்ப்பைக் குறை சொல்லவில்லை. பாதி நானும் வளர்த்ததுதான்.

தம்ளரில் வட்டம் நின்றுவிட்டது.

காப்பி நேரம் ஆகவில்லை. கரண்ட் போயிருக்கும் என்று மேலே பார்த்தேன். என் தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது.

சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். ஒன்றும் இல்லை. மில் கேட் திறக்கிறது. ததேயுஸ் வெளியே ஓடி வருகிறான். செருப்பு இல்லை. லாரிக்காரன் பக்கம் போகவில்லை, ரோட்டைக் கடக்கிறான், என் வீட்டைப் பார்த்துத்தான் வருகிறான். வாயை அகலத் திறந்து ஏதோ கத்துகிறான்.

எனக்குக் கேட்கவில்லை, தங்கச்சி.

என்னை அழைக்க ஆள் வந்துவிட்டது. போகிறேன். முத்தாரம்மா, வினோஜ் சொன்னதே சரியாக இருக்கட்டும். எல்லாம் மணி போன்ற வாளாக இருக்கட்டும். கிழவன் சொன்னது பொய், அவனுக்குக் காதும் இல்லை, கையும் இல்லை, புத்தியும் இல்லை என்று ஊர் சிரிக்கட்டும். என் மருமகன் முன்னால் நின்று சிரிக்கட்டும்.

ஷெர்லி, இதை இப்போது அனுப்பாதே.